தலையின் கனம் எவ்வளவு?

"தலைக்கனம் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லாருடைய தலைக்கும் கனம் உண்டு! வளர்ந்த மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் இருக்கும். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை கழுத்து இதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. நிமிர்ந்திருக்கும்போது அதற்கு இது பெரிய வேலை இல்லை. குனியும்போது என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள ஆரணிக்குப் போவோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் வீடுகளில் குழித்தறியைப் பார்க்கலாம். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். கால் மிதிகட்டையை மிதிக்கும். பாவு இரண்டாகப் பிரியும். நடுவே நாடா ஓடும். அச்சு ஊடையை நெருக்கி அடிக்கும். கண் மட்டும் துணி உருவாகும் இடத்தை விட்டு அகலாது. அந்த இடமோ வயிற்றுக்கு நேரே, தாழ்வாக இருக்கிறது. ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காவிட்டால் சேலை பழுதாகிவிடும். ஆகவே தலை குனிந்தே இருக்கிறது. கூலி சேலைக் கணக்கில் என்பதால், வலித்தாலும் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

அதே வீட்டின் திண்ணையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கைப்பேசியை மடியில் வைத்துப் பாடம் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அப்பாவின் கழுத்தும் மகளின் கழுத்தும் ஒரே மாதிரி வளைந்திருக்கும்!

கழுத்தில் ஒரு நெம்புகோல்

தலையைக் குனிந்து, பிடரிக்குக் கீழே விரலால் தடவுங்கள். ஒரு முண்டு தட்டுப்படுகிறதா? பெரும்பாலும் அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பாக இருக்கும். நமக்குக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்! அவற்றின் இடையே வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன.

நெம்புகோல் தத்துவத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே எலும்பு ஆதாரப்புள்ளி, தலை பளு, பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுக்கும் திறன். தசை ஆதாரப்புள்ளிக்கு 4 சென்டிமீட்டர் பின்னால் இழுப்பதாகக் கணக்குக்காகக் கொள்வோம். நிமிர்ந்திருக்கையில் தலையின் எடை ஆதாரப்புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால், தசை இழுக்க வேண்டியது 5 × 2 ÷ 4, அதாவது இரண்டரை கிலோ. குனிந்து அந்தத் தூரம் 8 சென்டிமீட்டர் ஆனால் 10 கிலோ. தலையின் 5 கிலோவையும் சேர்த்தால் எலும்பின்மேல் அழுத்துவது 15 கிலோ! தலை ஒரு கிராம்கூடக் கனக்கவில்லை, தூரம்தான் கூடியது.

நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ், 2014 இல் கணினி மாதிரி ஒன்றின் உதவியால் இதைக் கணக்கிட்டார். 15 பாகை குனிந்தால் சுமார் 12 கிலோ, 30 பாகையில் 18, 60 பாகையில் 27 என்று விடை வந்தது. அதாவது 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம்.

இந்த எண்கள் உலகெங்கும் பரவின. குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்ற பயமும் கூடவே பரவியது. பயத்துக்குச் சான்று போதாது என்பதே என் எண்ணம். 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைப் பரிசோதித்தார்கள். கைப்பேசி பார்க்கையில் அதிகம் குனிபவர்களுக்கே கழுத்து வலி அதிகம் என்று அதில் தெரியவரவில்லை. கழுத்து குனிவதற்கும் ஏற்றபடி அமைந்த உறுப்புதானே! அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

அசையாத தசை

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து, கையை முன்னே நேராக நீட்டி அசையாமல் நில்லுங்கள். சில நிமிடங்களிலேயே தோள் எரியத் தொடங்கும். அதே புட்டியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடந்தால் அவ்வளவு தெரியாது. அசையும் தசை சுருங்கி விரிந்து, இரத்தம் வந்துபோக வழி விடுகிறது. இறுகியே நிற்கும் தசை தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. பிராணவாயு குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. தசை சோர்ந்து வலிக்கிறது.

இப்போது தறியை மறுபடி பாருங்கள். கை ஆடுகிறது, கால் ஆடுகிறது. கழுத்து மட்டும் மணிக்கணக்கில் நிற்கிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700 இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுத்தர்களுக்கு வரும் துன்பங்களுக்கு, ஓயாமல் உட்கார்ந்திருப்பதை ஒரு காரணமாக அவர் பின்னர் எழுதினார். கைப்பேசி பார்ப்பவருக்கோ விரலைத் தவிர எதுவும் அசைவதில்லை.

நெசவாளருக்கு இழை அறும்போதும் தார் தீரும்போதும் சிறிது ஓய்வு தானாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் ஒரு படம் முடியுமுன் அடுத்தது வந்துவிடுகிறது! ஆகையால் ஓய்வை நீங்களேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். தோள்களைச் சுழற்றுங்கள். கைப்பேசியை மடியிலிருந்து எடுத்து, புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வையுங்கள். தறியை அப்படித் தூக்கி வைக்க முடியாது. அப்பாவை அவ்வப்போது தண்ணீர் குடிக்கக் கூப்பிடுங்கள்; அந்தச் சாக்கிலாவது குழியைவிட்டு எழுந்திருப்பார்.

சாதாரணக் கழுத்து வலி பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். ஆனால் வலி கைக்கு இறங்கினால், விரல்கள் மரத்துப்போனால், பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருளாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்லிய பட்டிழையை விரலால் உணர்ந்து முடிச்சுப் போட வேண்டிய நெசவாளருக்கு இந்த மரப்பு சீக்கிரமே தெரிந்துவிடும்.