பேனை மௌத்தாகவில்லை: டெப்லட்டின் அழுத்தக் கோளாறை நாமே கண்டறிவோம்

சென்ற மாதம் ஒரு மாலை, எனது பழைய மாணவி ஒருத்தி வாப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கையில் லெப்டொப், வரையும் டெப்லட், அதன் பேனை. வீட்டிலிருந்தபடியே கல்யாண அழைப்பிதழ், சிறுவர் கதைப் படம் என்று வரைந்து கொடுத்து, தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை அவள்.

"சேர், பேனை மௌத்தாப் போயிட்டாம். புதுசு வாங்கத்தான் வேணுமாம் எண்டு கடையில சொல்றாங்க" என்றாள்.

கோடு விழுகிறது. ஆனால் மெல்லத் தொட்டாலும் அழுத்திப் பிடித்தாலும் எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. புதிது வாங்குவதென்றால் அவள் மாதக்கணக்கில் சேர்த்த காசு போய்விடும்.

முக்கால் மணித்தியாலத்தில் அது சரியானது. ஒரு சதமும் செலவாகவில்லை. பேனையில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக இப்படியான டெப்லட் வாங்கி, பிறகு "வேலை செய்யவில்லை" என்று அலுமாரியில் வைத்தவர்கள் எம்மில் பலர். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அழுத்தம் செல்லும் வழி

நாணற் கலத்தால் எழுதும்போது எழுத்தின் தடிப்பும் மெலிவும் வெட்டிய முனையிலிருந்து வருகின்றன. தூரிகையில் அவை கையின் அழுத்தத்திலிருந்து வருகின்றன. டெப்லட் பேனை தூரிகையின் இனம். பெரும்பாலான பேனைகளில் பற்றரி கிடையாது. பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே அவை சக்தி பெறுகின்றன. முனை எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைப் பலகை ஓர் எண்ணாக மாற்றுகிறது. 8192 அழுத்தப் படிகள் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அந்த எண் 0 முதல் 8191 வரை செல்லும்.

அந்த எண் பலகையிலிருந்து ட்ரைவர் மென்பொருளுக்கும், அங்கிருந்து விண்டோஸுக்கும், பிறகு வரையும் மென்பொருளுக்கும், கடைசியாக நாம் தெரிவுசெய்த தூரிகைக்கும் போக வேண்டும். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ஒரே தடிப்பான கோடு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே குழாயை மாற்றுவோமா? தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்.

அவளது லெப்டொப்பில் இருந்தது 'ஓபன் டெப்லட் ட்ரைவர்'. இது இலவசமானது, இதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். வேக்கொம், ஹுவியொன், எக்ஸ்பீ-பென் எனப் பல நிறுவனங்களின் டெப்லட்களை இது இயக்கும். பழைய டெப்லட்களுக்குப் புதிய ட்ரைவர் கிடைக்காதபோது பெரிதும் உதவுவது இதுதான். ஆனால் நிறுவியதும் எல்லாம் தானாக நடந்துவிடாது. சில இடங்களை நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்

முதலாவது, பேனை உயிரோடு இருக்கிறதா? ட்ரைவரின் 'டெப்லட்ஸ்' பட்டியலில் 'டெப்லட் டிபகர்' என்ற சாளரம் உண்டு. பலகை அனுப்பும் எண்கள் அதில் அப்படியே தெரியும். பேனையை அழுத்துங்கள். 'பிரஷர்' எண் ஏறி இறங்கினால் பேனை நலம். கோளாறு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பேனையைத் தூக்கிப் பிடித்த பின்பும் எண் 0க்கு வராவிட்டால் முனை உள்ளே சிக்கியிருக்கலாம். முனையைக் கழற்றித் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலும் பெட்டியிலேயே மேலதிக முனைகள் தந்திருப்பார்கள். எண்கள் எதுவுமே அசையாவிட்டால் அடுத்த படியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, இரண்டு ட்ரைவர்கள் இருக்கின்றனவா? நிறுவனத்தின் சொந்த ட்ரைவரும் இதுவும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றோடொன்று மோதும். நிறுவனத்தின் ட்ரைவரை முழுமையாக நீக்கி, கணினியை மீள இயக்குங்கள்.

மூன்றாவது, 'அவுட்புட் மோட்' எது? அதிகமானோர் தடுமாறும் இடம் இது. வழமையாக இருக்கும் 'அப்சொலூட் மோட்' பேனையை ஒரு மவுஸாகத்தான் விண்டோஸுக்குக் காட்டும். மவுஸுக்கு அழுத்தம் என்று ஒன்று கிடையாது. எனவே கோடு விழும், தடிப்பு மாறாது. இதற்கு 'வீமல்டி' என்ற துணை ட்ரைவரை நிறுவிக் கணினியை மீள இயக்க வேண்டும். பிறகு 'பிளகின் மெனேஜர்' ஊடாக 'விண்டோஸ் இங்க்' பிளகினைச் சேர்த்து, 'விண்டோஸ் இங்க் அப்சொலூட் மோட்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். லினக்ஸ் பாவிப்பவர்கள் 'ஆர்டிஸ்ட் மோட்' தெரிவுசெய்தால் போதும்.

நான்காவது, முனைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது? பேனை அமைப்புகளில் முனைக்கு மவுஸின் இடது கிளிக் கொடுக்கப்பட்டிருந்தால், அதைப் பேனை முனையாக மாற்றுங்கள். அதே இடத்தில் முனை எந்த அழுத்தத்தில் வேலை தொடங்க வேண்டும் என்ற அளவும் உண்டு. அது கூடினால் மென்மையான கோடுகள் விழாது.

ஐந்தாவது, வரையும் மென்பொருள். க்ரிடாவில் அமைப்புகளுக்குள் டெப்லட் பகுதியைத் திறந்தால் 'வின்டெப்', 'விண்டோஸ் இங்க்' என இரண்டு வழிகள் இருக்கும். விண்டோஸ் இங்க் தெரிவுசெய்து, க்ரிடாவை மூடித் திறக்க வேண்டும். கடைசியாகத் தூரிகையைப் பாருங்கள். எல்லாத் தூரிகையும் அழுத்தத்துக்கு மாறாது. எஃப்5 விசையை அழுத்தினால் அளவும் அடர்த்தியும் அழுத்தத்தோடு இணைக்கப்பட்டுள்ளனவா என்று தெரியும்.

எல்லாம் சரியானதும் 'சேவ்' கொடுக்க மறக்காதீர்கள். 'அப்ளை' மட்டும் கொடுத்தால் அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது பழைய நிலைக்கே போய்விடும்.

இந்த மாணவிக்கு நடந்தது என்ன? டிபகரில் எண் அழகாக ஏறி இறங்கியது. அதைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது ட்ரைவரை மட்டும் நிறுவியிருக்கிறார்கள், பிளகினைச் சேர்க்கவில்லை. அதைச் சரிசெய்தும் கோடு மாறவில்லை. பார்த்தால் க்ரிடா வின்டெப்பில் இருந்தது. இரண்டு இடங்களில் அறுந்திருந்ததால், ஒன்றை மட்டும் திருத்தியவர் "திருத்தியும் சரிவரவில்லை, பேனைதான் பழுது" என்று நினைத்ததில் வியப்பில்லை.

நாம் கற்க வேண்டியது

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒன்று உண்டு. பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் பிள்ளைக்கு மூளையில்லை என்று சொல்லாதே. எந்த வரியில் பிழைத்தது என்று பார். பொருட்களுக்கும் இதே நியாயம்தான். சரியாகச் சோதிக்காமல் வீசப்படும் ஒவ்வொரு பொருளும் வீண்விரயம். வீண்விரயத்தை எமது மார்க்கம் கண்டிக்கிறது என்று மேடைகளில் பேசுகிறோம். அது சாப்பாட்டோடு மட்டும் முடிவதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருட்டுத்தனமாகப் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளில் வேலை செய்து உழைப்பது எம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அது பிறர் உழைப்பில் கைவைப்பது. வைரஸும் கூடவே வரும். க்ரிடாவும் இந்த ட்ரைவரும் உரிமையாளர்கள் மனமொப்பி இலவசமாகத் தந்தவை. அவற்றை அவற்றின் உரிய இணையத்தளங்களிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். சற்றுப் பொறுமையாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போகும்போது அவள் ஐந்து படிகளையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். வாப்பா கேட்டார், "இனி இது பழுதானா கடைக்குப் போகத் தேவையில்லையா?" நான் சொன்னேன்: "போகலாம். ஆனா எந்த இடத்தில பழுது எண்டு தெரிஞ்சுகிட்டுப் போங்க."