உங்களுக்குத் தெரியுமா? கொதிக்கும் பழைய கார்

ஆண்டர்சன்பேட்டையில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். சோற்றுப் பானைக்கு இது பெரிய விஷயமில்லை. நாற்பது, ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த மூன்று டிகிரி நஷ்டம்தான்.

*

அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங், தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே ஏறும். 7 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காக இருந்தால் நம் ஊரிலும் 108 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மறுபடி 97தான். இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் இது, முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியதும் இதுதான். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஹெட்டைக் கழற்றத்தான் சொல்வார்கள்!

அதே மூடியில் சின்னதாக இன்னொரு வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது பக்கத்து பாட்டிலில் இருக்கும் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால், மறுநாள் காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும்.

*

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயங்களில் நம் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன.

இரண்டிலும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழும். மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டரின் இரு பக்கமும் கம்பெனி வைத்தது வெறும் அட்டைத் தடுப்பு. நனைந்து கிழிந்ததும் யாராவது பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு முன்னால் புகும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். புது பம்ப், புது ரேடியேட்டர் எல்லாம் போட்டும் ஹைவேயில் ஹீட் ஆகிற ஸ்பிட்ஃபயர் உங்கள் கைக்கு வந்தால், அட்டை இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

*

“வண்டி ஹீட் ஆகுதுண்ணே” என்றால், விஷயம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதில்லை. “எப்போ ஆகுது?” என்பார். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் நெரிசலில் சூடு முள் ஏறி, பங்காருப்பேட்டை ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கினால் கோளாறு காற்றில்: ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேன் சுவிட்ச். நெரிசலில் சும்மா இருந்துவிட்டு எண்பதில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், ஒட்டிக்கொள்ளும் ஹோஸ். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷத்தில் ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி காட் ஏறும்போது மட்டும் முள் கொஞ்சம் உயர்ந்து, வி.கோட்டை சமதரைக்கு வந்ததும் இறங்கிவிட்டால் வண்டிமேல் குற்றமில்லை. செகண்ட் கியரில் பாரம் இழுக்கிற இன்ஜின் சூடாகத்தான் செய்யும்.

*

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் முக்கியம். எலெக்ட்ரிக் ஃபேனின் இரண்டு ஒயர்களும் இடம் மாறிவிட்டால் அது தலைகீழாகச் சுற்றி, முன்னால் வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் ஒயரை மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. நம் ஊர் பி.இ.எம்.எல். தயாரிப்பது புல்டோசர். அந்த ரக இயந்திரங்கள் பலவற்றில் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்படிதான் வைப்பார்கள். மண்ணைக் கிளறிக்கொண்டே போகிற வண்டி, அந்தத் தூசியை ரேடியேட்டருக்குள் இழுக்கக் கூடாதே!

*

கீழ் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பம்ப் தண்ணீரை உறிஞ்சும்போது ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவது அதுதான். துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. இன்ஜின் சூடான பிறகு ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற ஹோஸ் ஒடுங்கினால் ஆள் பிடிபட்டான்.

*

கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, இன்ஜினுக்குள் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். கெட்டிலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்களையும் சிலிண்டரைச் சுற்றிய வழிகளையும் மூடிவிடும். பழைய இரும்பு பிளாக்கில் துருச்சேறும் சேர்ந்து, பெரும்பாலும் கடைசி சிலிண்டர் பக்கம்தான் தங்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவி மாட்டினால் அந்தச் சேறு மறுபடி ரேடியேட்டருக்கே வந்து சேரும்.

வெளியிலிருந்தே சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஓடிச் சூடான ரேடியேட்டரின் முகத்தில் அதை மெதுவாக நகர்த்துங்கள். சூட்டுக்கு நடுவே ஓரிடம் மட்டும் ஜில்லென்று காட்டினால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. டாங்க்கைப் பிரித்து, குழாய்க்குள் பட்டைக் கம்பி விட்டுத் தள்ளிச் சுத்தம் செய்யும் ரேடியேட்டர்காரரிடம் போக வேண்டியதுதான்.

*

“நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று பிடுங்கிப் போடும் வழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உண்டு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் பெட்ரோல் வீணாகும், ஆயில் கெடும். அதைவிட மோசம், சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் உள்ளுக்குள்ளேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். அதன்மேல் 82 என்று குத்தியிருந்தால் அந்த டிகிரியை ஒட்டி வாய் திறக்கத் தொடங்க வேண்டும். உள்ளே இருப்பது மெழுகு. உருகிப் பருத்துத் தண்டைத் தள்ளுகிறது.

*

ரேடியேட்டர், பம்ப், ஹோஸ் எல்லாம் சரி. இன்னும் ஹீட் ஆகிறதா? டைமிங்கைப் பாருங்கள். ஸ்பார்க் தாமதமாக வந்தால், பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். தள்ள வேண்டிய சக்தியெல்லாம் சூடாக ஹெட்டில் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து வேக்குவம் டப்பாவின் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் டைமிங் பின்தங்கும். இதற்குக் கருவியே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த டப்பாவின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பாயின்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் சவ்வு ஓட்டை. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வந்தாலும் சூடு ஏறும்.

*

இன்ஜின் ஆரோக்கியமாக இருக்க, மீட்டர் பொய் சொல்வதும் உண்டு. அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் மீட்டருக்கும் சூடு மீட்டருக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர். சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போகும். சூடு முள் ஏறும்போது, பங்க்குக்குப் போகாமலே டாங்கில் பெட்ரோலும் கூடியிருந்தால் பானெட்டைத் திறக்க வேண்டாம்.

*

தேன்கூடு ரேடியேட்டரைப் பெரிய அளவில் நிரூபித்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக். 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் கலக்கிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில், சின்னச் சின்னதாக 8,070 குழாய்களை அடுக்கினார். ஒன்பது லிட்டர் தண்ணீரே போதுமானதாகிவிட்டது.

*

சூட்டோடு மல்லுக்கட்டுவது தங்கவயலுக்குப் புதிதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே பெரிய குளிரூட்டும் நிலையம் வைத்து, காற்றைக் குளிர்வித்துத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

*

ஹெட் கேஸ்கெட் போனதா என்று தெரிந்துகொள்ள ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. இதற்கென்றே ஒரு நீலத் திரவம் விற்கிறது. ரேடியேட்டர் வாயில் வரும் ஆவியை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது பெட்ரோல் இன்ஜினில் அது மஞ்சளாகிவிடும். ஆயில் மூடியில் பாலாடை நிறத்தில் பசை, காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் கல்லாகிவிடும் மேல் ஹோஸ், சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை: இவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

*

வழியில் கொதித்துவிட்டதா? ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, அரைமணி நேரமாவது டீக்கடையில் உட்காருங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள். திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கிற பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

*

“இங்கே பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்பவருக்கு: பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், கொதிநிலையை ஐந்தாறு டிகிரி ஏற்றுகிறது, துருவையும் தடுக்கிறது. மாற்றும்போது பழையதைத் தெருவோரம் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடி போட்ட கேனில் ஊற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.