பேர் விழாத பாட்டு



கலைஞர் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனதில் யார் தோன்றுகிறார்? மேடையில் பாடுபவர், பொன்னாடை போர்த்தப்பட்டவர், பத்திரிகையில் படம் வந்தவர். எமது அம்மாவோ அம்மாயியோ தோன்றுவதில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஹல்துமுல்லையில் ஒரு தோட்டத்து அம்மாயிதான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

பதுளை மாவட்டத்தில், அப்புத்தளை மலைக்குக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருப்பது ஹல்துமுல்லை. அங்குள்ள தோட்டப் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்யப் போனபோது அம்மாயியைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1983 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 2009 இல் இடம்பெயர்ந்து போகும் வழியில் மகன் காணாமல் போனார். முகாமிலிருந்து வெளியே வந்த அம்மாயி, தம்பியின் லயக்காம்பராவுக்கே திரும்பிவிட்டார்.

தோட்டத்தில் யார் இறந்தாலும் அம்மாயிக்குத்தான் முதலில் ஆள் போகும். ஒப்பாரி வைப்பதில் அவருக்கு நிகராக அந்த டிவிசனில் எவரும் இல்லை. இறந்தவர் எந்த மலையில் கொழுந்தெடுத்தார், யார் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு ஓடி வந்தார், என்ன ஆசையோடு போனார் என்பதெல்லாம் அவர் பாட்டில் வரும். எங்கும் எழுதப்படாத ஒரு வாழ்க்கை அந்த ஓர் இரவில் முழுதாகச் சொல்லப்படும்.

ரதியின் புலம்பல்

மலையகத்தின் பெருங்கலை காமன் கூத்து. மாசி மாதம் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் காமனை எரிப்பார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோக, ரதி அழுது புலம்புகிறாள். பின்னர் அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். ரதி வேடத்தையும் வழமையாக ஆண்களே கட்டுவார்கள்.

பல வருடங்கள் ரதி வேடம் கட்டிய ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "ரதி அழுகிற பாட்டுல பாதி எங்க அம்மாயி சொல்லிக் குடுத்தது தங்கச்சி. எனக்கு சேட்டிபிக்கட் இருக்கு. அதுக்கு ஒண்ணுமில்ல."

ஹவார்ட் பெக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1982 இல் வெளியிட்ட 'கலை உலகங்கள்' என்ற நூலில், கலை தனி ஒருவரின் படைப்பல்ல, பலர் கூடிச் செய்யும் வேலை என்று விளக்கினார். கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு அடிப்பவர் இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் அவரைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் உண்டு. சேலை கொடுப்பதும், விடிய விடியத் தேத்தண்ணீர் ஊற்றுவதும், பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் பெண்கள். இவர்களில் யாருக்குக் கலைஞர் என்ற பெயர் கிடைக்கிறது என்பதைக் கலை மட்டும் தீர்மானிப்பதில்லை. சமூகமும் அரசின் கொள்கையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

யாருடைய கலை கணக்கில் வந்தது?

1956 இல் பேராசிரியர் சரச்சந்திர கிராமத்து நாடகம என்ற வடிவத்திலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். நாட்டுப்புறத்தார் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டவை பல்கலைக்கழகத்தின் கை பட்டதும் கலையாக மதிக்கப்பட்டன.

மலையகத்தாருக்கு நடந்தது வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் எம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. குடிமக்களாகவே எண்ணப்படாதவர்களின் பாட்டை எந்தக் கொள்கை எண்ணியிருக்கும்? சி.வி. வேலுப்பிள்ளை போன்ற ஒரு சிலர் தேடித் தொகுத்ததால்தான் தோட்டப் பாடல்கள் சிலவாவது எமக்கு மிஞ்சின.

அம்மாயி சொன்ன பதில்

மூத்த கலைஞர்களுக்கான உதவி ஒன்றுக்கு அம்மாயியின் பெயரில் விண்ணப்பிக்க முயன்றேன். அலுவலகத்தில் கேட்டார்கள்: எந்த மேடையில் பாடினார்? சான்றிதழ், பத்திரிகைத் துண்டு உண்டா? ஒலிப்பதிவாவது கொண்டு வாருங்கள்.

தொலைபேசியோடு அம்மாயியிடம் போனேன். "அம்மாயி, ஒரு ஒப்பாரி பாடுங்களேன், பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சும்மா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது தாயி. ஊருக்கெல்லாம் வச்சேன், என் மகனுக்கு இன்னும் வைக்கல. அவன் செத்தான்னு யாரு சொன்னா?"

நான் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

காணாமல் போனவருக்காகக் காத்திருக்கும் சகோதரிகளே, இந்தப் பதில் உங்களுக்குப் புதிதல்ல. ஹல்துமுல்லைக்கும் இது புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாத வீட்டில் ஒப்பாரியை எப்போது தொடங்குவது? மேடைக் கலையை மட்டும் அறிந்த விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

அதற்காக எமது பெண்களின் கலையைக் கைவிட வேண்டுமா? தேவையில்லை. யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கை வாய்மொழி மரபுகளையும் சடங்குகளையும் மரபுரிமையாக ஏற்கிறது. ஒன்றைத் தமது மரபு என்று அறிந்து சொல்பவர்கள் அம்மக்களே என்கிறது. இலங்கை 2008 இல் அதில் இணைந்தது. 2018 இல் எமது நாட்டின் நூல்பொம்மை நாடகமான 'ரூகட' அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பொம்மலாட்டத்துக்குத் திறந்த கதவு தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் திறக்க முடியும்.

நாங்கள் சிறிதாக ஒன்றைத் தொடங்கினோம். பெண்கள் குழுவில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்தோம். யாருக்கு என்ன பாட்டுத் தெரியும், யாரிடம் கற்றார் என்று எழுதுகிறோம். விருப்பமில்லாத எவரையும் பாடச் சொல்வதில்லை; கேட்காமல் ஒலிப்பதிவு செய்வதில்லை. அம்மாயி தாமாகவே இரண்டு தாலாட்டுகள் பாடித் தந்தார். ஒன்று மகனுக்குப் பாடியது.

சான்றிதழுக்குப் பதிலாக, தோட்டத் தலைவர், கோவில் கமிட்டி, ரதி வேடம் கட்டிய அண்ணன் ஆகியோர் ஒப்பமிட்ட சாட்சிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு கொடுத்தோம். வாங்கி வைத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்போம். சாட்சிக் கடிதத்தையும் ஆதாரமாக ஏற்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரு கொப்பியும் பேனாவும் போதும். உங்கள் அம்மாவிடமிருந்து தொடங்குங்கள்.

கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர்தான் போடுவார்கள். அம்மாயி எத்தனையோ இரவுகள் ஊருக்காகப் பாடியும் அரைப்பேர்கூட விழவில்லை. மகன் விசயம் இருப்பதால் இங்கே தமது பெயரைப் போட வேண்டாம் என்றார். எங்கள் கொப்பியில் அவர் பெயர்தான் முதலாவது. என்ன தொழில் என்று எழுதட்டும் என்று கேட்டேன்.

"கொழுந்தெடுத்தேன்னு எழுது" என்றவர், கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "பாட்டும் பாடுவேன்னு சேத்துக்க தாயி."