உடைந்தும் விழாத கண்ணாடி

கண்ணாடிக் கடையில் நின்று, “திருடன் வந்தா தாங்குமா?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “டஃபன்ட் போட்டுடுங்க சார், லேசுல உடையாது.” பொய் இல்லை. ஆனால் உடைந்த பிறகு என்ன ஆகும் என்பதைக் கேட்பவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தால் அது டஃபன்ட் ஆகிறது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு மெதுவாகச் சுருங்கும் உள்பகுதி, மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். இந்த இறுக்கத்தால்தான் நான்கைந்து மடங்கு வலு. ஆனால் கூர்மையான ஏதோ ஒன்று அந்தப் பரப்பைத் துளைத்துவிட்டால், அடைபட்டிருந்த விசை மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்து, முழுப் பலகையும் கற்கண்டாக உதிர்ந்துவிடும். ஆளின் உடம்பைக் கிழிக்காது என்பதற்காகத்தான் குளியலறைத் தடுப்பில் அதைப் போடுகிறார்கள். திருடனின் உடம்பையும் அது கிழிக்காது. வழி தாராளமாகத் திறந்துகிடக்கும்.

வீட்டுக் காவலுக்கு ஏற்றது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிறார்கள். காரின் முன்கண்ணாடி இந்த வகைதான்: விரிசல் விடும், இடத்தைவிட்டு நகராது. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸ் 1909-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். கீழே விழுந்த ஒரு குடுவை உடைந்தும் சிதறாமல் நின்றதும், அதன் உட்புறம் படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலமே அதற்குக் காரணம் என்று அவர் கண்டதும்தான் தொடக்கம்.

ஐரோப்பாவின் இ.என். 356 தரத்தில் இத்தகைய கண்ணாடியைச் சோதிக்கும் முறை முரட்டுத்தனமானது. நான்கு கிலோவுக்குச் சற்று கூடுதலான எஃகுக் குண்டை அதன்மேல் போடுகிறார்கள். பி1ஏ பிரிவுக்கு ஒன்றரை மீட்டர் உயரம், பி4ஏ-வுக்கு ஒன்பது மீட்டர், இரண்டிலும் மும்முறை. உச்சப் பிரிவான பி8பி, எழுபதுக்கும் மேற்பட்ட கோடரி வெட்டுகளைத் தாங்கவேண்டும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. பாலிகார்பனேட் தகடு இடி தாங்குவதில் கண்ணாடியைத் தோற்கடிக்கும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். வரவேற்பறைக்கு யாரும் விரும்பமாட்டார்கள்.

கண்ணாடி மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. அதைப் பிடித்திருக்கும் பீடிங் வெளிப்புறம் இருந்தால், நெம்பிக் கழற்றிப் பலகையை முழுசாக எடுத்துவிடலாம். யூ.பி.வி.சி. சட்டத்தின் உள்ளே துத்தநாகம் பூசிய எஃகு வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கவேண்டும். ஸ்லைடிங் கதவைத் தடத்திலிருந்து தூக்க முடிகிறதா என்று பொருத்தியவுடன் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. நெதர்லாந்தில் 1999 முதல், புதிய வீடுகளின் ஜன்னல்களும் கதவுகளும் உடைப்பு முயற்சியை மூன்று நிமிடமாவது தாங்கவேண்டும் என்று கட்டட விதி வந்தது. மூன்றே நிமிடம்தான்! பென் வொலார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த வீடுகளில் ஆண்டுக்கு 1.1 சதவீதமாக இருந்திருக்கக்கூடிய கன்னக்களவு 0.8 சதவீதமாகக் குறைந்தது. திருடர்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்குத் திரும்பியதாகவும் தெரியவில்லை.

நம் ஊர் ஜன்னல்களில் இரும்புக் கம்பி ஏற்கெனவே இருப்பதால், மாடி பால்கனியின் பெரிய கண்ணாடிக் கதவும் கம்பியில்லாத புதுமோஸ்தர் ஜன்னலும்தான் லேமினேட்டட் கேட்கும் இடங்கள். ஆனால் தீப்பிடித்தால் நிரந்தரக் கம்பி வீட்டாரையே அடைத்துவைக்கும். லேமினேட்டட் கண்ணாடியை உள்ளிருந்து உடைப்பதும் எளிதல்ல. ஆகவே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலாவது கண்ணாடியும் கிரில்லுமாகச் சேர்ந்து திறக்கவேண்டும். அதன் தாழ்ப்பாள், சாவி தேடாமல் இருட்டிலும் குழந்தை திறக்கக்கூடியதாகவும், வெளியிலிருந்து கை எட்டாததாகவும் இருக்கவேண்டும்.