திருத்தணிக்கு 176, நகரிக்கு 159

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவர் ஓட்டுப் போடுவது திருத்தணி சட்டமன்றத் தொகுதியில். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் நகரி தொகுதி. குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் திருத்தணி எம்.எல்.ஏ.வின் ஒரு வாக்குக்கு மதிப்பு 176, நகரி எம்.எல்.ஏ.வுக்கு 159. இருவர் கையிலும் அதே இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கணக்கு அரசியல் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் இருக்கிறது. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168 பேர், 234 உறுப்பினர்கள்: 176. ஆந்திராவில் 175 உறுப்பினர்கள்; 158.86 என்று வருவதை 159 ஆக்கிக்கொள்கிறார்கள். உத்தரப்பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. யாருக்கும் சலுகை இல்லை. நம் எம்.எல்.ஏ. அதிகத் தலைகளைச் சுமக்கிறார், அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒரு வாக்கு என்பது எல்லா மாநிலத்துக்கும் பொது.

தமிழ்நாட்டில் நாலு கோடிப் பேர்தானா என்று கேட்கலாம். அது 1971 கணக்கெடுப்பின் எண். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதுவே செல்லும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே எடை குறையக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

திருத்தணி வட்டாரம் 1953-இல் ஆந்திராவோடு போய், ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் திரும்பி வந்தது. அதனால்தான் 1971-இல் இந்த மக்கள் நம் நாலு கோடியில் சேர்ந்தார்கள். எல்லைக் கோடு நகர்ந்தால் இந்தத் தேர்தலின் கணக்கும் நகரும். இந்த மண்ணில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1962-இல் இதே முறையில் 5,53,067 வாக்கு மதிப்பு பெற்றுக் குடியரசுத் தலைவரானார்.

எம்.பி.க்களின் கணக்கு எளிது. எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களுக்குச் சமமாகப் பங்கிடுகிறார்கள். 2022-இல் 5,43,231-ஐ 776 பேருக்குப் பிரித்ததில் தலைக்கு 700 வந்தது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போய்விடும். 2016-இல் மக்கள் வாக்கு அதிகம் பெற்ற ஹிலாரி கிளிண்டன் தோற்றது அப்படித்தான். இங்கே ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் சீட்டும் தனித்தனியாக எண்ணப்படும். கட்சிக் கொறடா உத்தரவிட முடியாது, வாக்கு ரகசியம்.

சீட்டில் சின்னம் கிடையாது, முத்திரை கிடையாது. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். 1 எழுதாத சீட்டு செல்லாது. மாநிலத் தலைநகரங்களில் பூட்டி முத்திரையிட்ட பெட்டிகள் விமானத்தில் தனி இருக்கை பிடித்து டெல்லிக்குப் போகின்றன. 2022-இல் அந்தப் பயணச்சீட்டு ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’ என்ற பெயரில் எடுக்கப்பட்டது.

சீட்டில் எழுதும் அந்த 2 எதற்கு என்பதை 1969 தேர்தல் காட்டியது. வெல்லச் செல்லுபடியான மதிப்பில் பாதிக்கு மேல், அதாவது அந்த முறை 4,18,169 வேண்டியிருந்தது. வி.வி.கிரிக்கு முதல் சுற்றில் 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாரும் இலக்கைத் தொடவில்லை. கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தைப் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி ரெட்டிக்கே போனது. ஆனால் கிரிக்குத் தேவைப்பட்டது பதினேழாயிரத்துக்கும் குறைவு, கிடைத்தது 18,562. அடுத்த விருப்பம் இல்லாததால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மதிப்பு இருவருக்குமே சேராமல் நின்றுபோனது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி இலக்கைத் தாண்டியது 1,908-இல்தான். இன்றைய மதிப்பில் அது சுமார் பதினொரு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் வாக்கு.