ஸ்ட்ரீமர் வாங்கும் முன் மல்டிமீட்டர் எடுங்க

கயத்தாறு வீட்டுக்கு ஒரு ஹை-ஃபை ஸ்ட்ரீமர் வாங்கணும்னா, பஸ் ஏறி வெளியூர் போய்த்தான் கேட்டுப் பார்க்கணும். கடையில விலை கூடினது அள்ளும். அது ஸ்ட்ரீமரோட திறமையா, இல்ல சத்தம் கொஞ்சம் கூடுதலா?

1 டெசிபல் கூடினா "சத்தம் ஜாஸ்தி"னு நமக்குத் தோணாது; "தெளிவா இருக்கு"னுதான் தோணும். அதனால முதல்ல சத்தத்தைச் சமப்படுத்துங்க. ரெண்டு ஸ்ட்ரீமரையும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர்ல மாட்டி, 200 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போடுங்க. ஸ்பீக்கர் முனைகள்ல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க. முனைகள் ஒண்ணோடொண்ணு தொடக்கூடாது. ஒண்ணுல 2.00 வோல்ட் வந்தா, அடுத்ததுலயும் அதே வர்ற மாதிரி வால்யூமைத் திருப்புங்க. 2 சதவீத வித்தியாசம்னா 0.17 டெசிபல்தான், பரவாயில்ல.

இனி நண்பர் மாத்தி மாத்திப் போடட்டும். நீங்க பார்க்காம, நல்லாப் பழகின பாட்டைக் கேட்டு எதுன்னு சொல்லுங்க. 10-க்கு 5 சரின்னா, காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். 9 அல்லது 10 சரின்னா நம்பலாம்; குத்துமதிப்பாச் சொல்லி அப்படி வர வாய்ப்பு 1024-ல் 11 மட்டுமே.

வித்தியாசம் தெரியலையா? அந்தக் காசை ஸ்பீக்கருக்கும், டைல்ஸ் தரை எதிரொலிக்கிற ஹாலுக்கு ஒரு கனமான கம்பளத்துக்கும் போடுங்க. அந்த மாற்றம் மல்டிமீட்டர் இல்லாமலே கேட்கும்.