உங்கள் இமேஜுக்கு வயது 50க்கு மேலா?

டாக்கர் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பதிந்து, டவுண்லோட் செய்த இமேஜ்களைப் பட்டியலிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சில இமேஜ்கள் 50 ஆண்டுகளுக்கும் முன் உருவானதாகக் காட்டப்படும். டாக்கர் வெளியானதே 2013ல் தான்! கடிகாரத்தில் பிழையா? வைரஸ் வேலையா? இரண்டும் இல்லை. இது வேண்டுமென்றே தரப்பட்ட தேதி.

இமேஜ் என்பது ஒரு புரோகிராமும், அது இயங்கத் தேவையான பைல்களும் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட மூட்டை. உடன் ஒரு குறிப்பு பைலும் இருக்கும். உருவாக்கப்பட்ட நேரம் அதில் தான் எழுதப்படுகிறது. இவற்றை எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கீட்டில் செலுத்தி, 64 இலக்க அடையாள எண் பெறப்படுகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

சிக்கல் இங்கு தான். ஒரே சோர்ஸ் கோடை 10 மணிக்கு ஒரு முறையும், 10.01க்கு ஒரு முறையும் இமேஜாக மாற்றினால், நேரம் வேறு என்பதால் எண்ணும் வேறாகிறது.

இதனால் என்ன நஷ்டம்? 2020ல் வெளிச்சத்திற்கு வந்த சோலார்விண்ட்ஸ் தாக்குதலில், புரோகிராம் கட்டமைக்கப்படும் கம்ப்யூட்டரிலேயே கெடுதல் கோட் நுழைக்கப்பட்டது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்துடனேயே அது வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. அதே சோர்ஸ் கோடை வேறொருவர் தனியே கட்டமைத்து, அதே எண் கிடைக்கிறதா எனப் பார்க்க முடிந்தால், இத்தகைய திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிடும். அதற்கு நேரம் மாறாமல் இருக்க வேண்டும்.

எனவே தான் கூகுளின் ஜிப் டூல், யூனிக்ஸ் கால எண்ணிக்கை தொடங்கும் 1970 ஜனவரி 1ஐத் தேதியாகத் தருகிறது. பில்ட்பேக்ஸ் 1980 ஜனவரி 1ஐத் தருகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. இமேஜின் உண்மையான வயது மறைந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு, சோர்ஸ் டேட் எபோக் என்னும் மாறி. சோர்ஸ் கோட் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை இதில் தந்தால், தேதியும் பொருளுள்ளதாக இருக்கும்; எத்தனை முறை கட்டமைத்தாலும் அது மாறாது. டாக்கரின் பில்ட்கிட் 2023ல் வந்த 0.11 பதிப்பிலிருந்து இதை ஏற்கிறது. அடுக்குகளுக்குள் இருக்கும் பைல்களின் நேரத்தையும் மாற்ற, ரீரைட் டைம்ஸ்டாம்ப் என்ற ஆப்ஷனையும் இயக்க வேண்டும்.

தேதியைச் சரி செய்தால் மட்டும் போதாது. கட்டமைக்கும்போது இணையத்திலிருந்து இறங்கும் துணை பைல்களின் பதிப்பும் ஒன்றாக இருந்தால் தான் எண் ஒத்துப் போகும்.

ஆகவே 50 வயது இமேஜைக் கண்டு பயந்து அழித்துவிடாதீர்கள். புதியதா, பழையதா என அறியப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அசல் தானா என அறிய, வெளியிட்டவர் தந்துள்ள அடையாள எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.